பயத்தில் யாரைக் கூப்பிட்டீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தூக்குவாளி
இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் உறுத்துகிறது. 2004, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு, வேளாங்கண்ணி. மீதி உங்களுக்கே தெரியும். நாங்கள் பூசையில் இருந்தோம். வெளியே "கடல் வருது" என்று சத்தம். அப்புறம் வாசல் வழியாக ஜனம் உள்ளே வந்து விழுந்தது. என் பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்றார். இடுப்புவரை நனைந்த சேலை, கையில் எவர்சில்வர் தூக்கு, மூடி இல்லை. உள்ளே சோற்றோடு மணல். வீட்டுக்காரரும் பையனும் குளிக்க முன்னால் போய்விட்டார்களாம். "வந்துருவாங்கல்ல தம்பி?" என்றார். "மாதா பாத்துக்குவாங்கம்மா" என்றேன். எனக்கு அப்போது 19 வயது, பயத்தில் வாயில் வந்தது அதுதான். அவர் அதை நம்பித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் மறக்க முடியவில்லை.

ஜெபமாலை
உறுத்த என்ன இருக்கிறது? நீங்கள் சொன்னது சரிதான். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அடைக்கலம் என்றால் வேறென்ன? என் அத்தையும் அன்றைக்கு உள்ளேதான் இருந்தார், ஜெபமாலை சொல்லிக்கொண்டு. செருப்புகூட நனையவில்லை என்று இன்றைக்கும் சொல்வார்.

நாவற்குழிப் பாலம்
ஜெபமாலை, மன்னிக்கவும், இந்தக் கணக்கு எனக்குச் சரிவராது. உள்ளே இருந்தவன் பிழைப்பான் என்றால் எங்கள் யாழ்ப்பாணத்து நவாலிக்கு என்ன சொல்வீர்கள்? 1995 யூலை 9. வீட்டை விட்டுக் கோயில்களுக்குப் போகச் சொன்னார்கள், சனமும் நம்பிச் சென். பீற்றர்ஸ் தேவாலயத்துக்குப் போனது. இலங்கை விமானப்படை அங்கேதான் குண்டு போட்டது. நூற்றுக்கு மேல் செத்தார்கள், பிள்ளைகளும்தான். அவர்கள் கும்பிட்டது குறைவா? கடற்கரையில் செத்தவர்களும் மாதாவிடம் வந்த சனம்தானே.

நான் கடவுளை விட்டவன் இல்லை. அதே வருடம் ஒக்டோபர் 30, ஆமி வருகுது என்று யாழ்ப்பாணமே ஒரே இரவில் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பக்கம் நகர முடியவில்லை, சைக்கிளைத் தள்ளவும் இடமில்லை, மேலே மழை. அம்மம்மா குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணி சேர்த்தா. முதலில் யாரோ ஒருவரின் பிள்ளைக்குக் கொடுத்தா. பிறகு மடியில் இருந்த திருநீற்று டப்பாவைத் திறந்தா. நனைந்து களியாகிவிட்டது. அதையே வழித்து எங்கள் எல்லாருக்கும் பூசினா. என்ன கேட்டுக் கும்பிட்டனீங்கள் என்று கனகாலம் கழித்துக் கேட்டேன். "ஒண்டும் கேக்கேல்லை. கேக்கிற நேரமே அது?" என்றா.

பேராவூரணித் தோப்பு
எங்கள் அப்பா கேட்டார். 2018 நவம்பர் 16, கஜா புயல். நடுராத்திரிக்கு மேல் ஓடு ஒவ்வொன்றாகப் பறக்கிறது. நாங்கள் கட்டிலுக்கு அடியில். அப்பா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து "சொற்றுணை வேதியன்" பாடிக்கொண்டிருந்தார். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது பாடிய பதிகம், கல்லே தெப்பமாகிக் கடலூரில் கரையேறினார் என்பார்கள். காற்று ஏற ஏற அப்பா குரலும் ஏறியது. விடிந்து பார்த்தால் 110 தென்னையில் நின்றது 14. அப்பா அழவில்லை. விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போக, திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

இன்றைக்கும் காலையில் தேவாரம் உண்டு. அந்தப் பதிகம் மட்டும் பாடுவதில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சங்கீதம்46
பேராவூரணி பிரதர், அப்பாவிடம் முதலில் தென்னைக் காப்பீடு பற்றிப் பேசுங்கள். குட்டை, கலப்பின மரம் என்றால் 4 வயதிலிருந்தும், நெட்டை என்றால் 7 வயதிலிருந்தும் 60 வயது வரை எடுக்கலாம், பிரீமியத்தில் பெரும்பகுதி மானியம். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அடுத்து, ஓட்டு வீடு என்றால் புயலுக்கு முந்தின நாளே முகாமுக்குப் போய்விட வேண்டும், கட்டிலுக்கு அடியில் படுப்பதெல்லாம் கூடாது. காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள், அது கண் பகுதியாக இருக்கலாம், அடுத்த காற்று எதிர்த்திசையில் வரும். ரேஷன் கார்டு, பட்டா, ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் கட்டி ஒரே பையில். மாத்திரை, டார்ச், தீப்பெட்டியும் அதில். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இதை எல்லாம் செய்தால் விசுவாசக் குறைவு என்று எங்கள் சபையிலேயே ஒருவர் சொன்னார், எனக்குக் கோபமே வந்துவிட்டது. பூமி நிலைமாறினாலும் பயப்படோம் என்றுதான் பைபிளில் சங்கீதம் சொல்கிறது, பையைக் கட்டாதே என்றா சொல்கிறது?

என் அனுபவம்: 2015 சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி. ஜெபித்தோம். படகு வந்தது.

ஜெபமாலை
நாவற்குழி, நவாலி எனக்குத் தெரியாது. அத்தையிடமும் சொல்லவில்லை. தூக்குவாளி, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வந்தாரா?

தூக்குவாளி
தெரியாது. "இதக் கொஞ்சம் புடி தம்பி, வாசல்ல பாத்துட்டு வந்துர்றேன்" என்று தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் வரை நின்றேன். அப்புறம் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தூக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடியில் இரண்டு இனிஷியலும் ஒரு கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது, ஊர் இல்லை. அம்மா தேய்த்துப் பரணில் கவிழ்த்து வைத்திருக்கிறார். நாங்கள் புழங்குவதில்லை.