அம்மானின் பழைய மவுண்டன் பைக்: 42 ஆயிரம் போட்டுப் புது சாமான் மாட்டலாமா?

கோட்டையூர் சைக்கிள்

வணக்கம். எங்கள் அம்மான் சிங்கப்பூரில் ஓட்டிக்கொண்டிருந்த மவுண்டன் பைக், 1995 வாக்கில் வாங்கியதாம், ஒரு தடவை ஊருக்குச் சாமான் அனுப்பும்போது அதையும் பிரித்துக் கட்டி அனுப்பிவிட்டார். பதினைந்து வருஷத்துக்கு மேல் வீட்டு இரண்டாம் கட்டில் சுவரோரமாகச் சாத்திக் கிடந்ததைப் போன வருஷம் நான் எடுத்துத் துடைத்து ஓட்ட ஆரம்பித்தேன். குரோமோலி ஸ்டீல் (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) பிரேம், 26 இன்ச் வீல், ஷிமானோ எஸ்டிஎக்ஸ் 3×7 கியர் (முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7), கேன்டிலீவர் பிரேக் (நடுக் கேபிள் இழுத்து ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை), முன்னால் சஸ்பென்ஷன் கிடையாது. தினம் காரைக்குடி போய்வருவது, ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரை, செம்மண் பாதை, அவ்வளவுதான் என் ஓட்டம்.

பிரச்சினை என்னவென்றால், மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் செயின் தாவுகிறது. போன வாரம் அப்படித் தாவி முழங்கால் போய் ஹேண்டில்பாரில் மோதியதில் இன்னும் வீக்கம் வடியவில்லை. வலது கியர் லீவரை அழுத்தினால் சத்தமே இல்லாமல் செத்த விரல் மாதிரி உள்ளே போய்த் திரும்புகிறது. பிரேக் பிடித்தால் வண்டி யோசித்துத்தான் நிற்கிறது. இதெல்லாம் போதாதென்று சீமைக்கருவேல முள்ளால் வாரம் ஒரு பஞ்சர்.

மதுரையில் ஒரு கடையில் காட்டினேன். "எல்லாமே பழசு சார், மொத்தமா மாத்திடலாம்" என்று 1×11 கியர், 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க், 27.5 வீல் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காசுக்குப் புது வண்டியே வருமே என்கிறார்கள் வீட்டில். எனக்கோ இந்த வண்டியை விட மனசில்லை. என்ன செய்யலாம்?

செம்மண் தடம்

முதலில் அந்தச் சீட்டை மடித்து வையுங்கள் அண்ணே. மூன்று விஷயம் சொல்லுங்கள். செயின் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? சீட் போஸ்ட் மேலும் கீழும் நகர்கிறதா? பின்வீல் ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவினால் சமமாக இருக்கிறதா, குழியாக இருக்கிறதா?

கோட்டையூர் சைக்கிள்

செயின் ஆறு மாதம் முன்பு இங்கே மாற்றினேன். செயின் மட்டும் போதும் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் தாவுவது அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ரிம் சமமாகத்தான் இருக்கிறது. சீட் போஸ்ட் நகரவே இல்லை, ஆனால் என் உயரத்துக்குச் சரியாக இருப்பதால் கண்டுகொள்ளவில்லை.

செம்மண் தடம்

அப்படியென்றால் செயின் தாவும் காரணம் தெரிந்துபோச்சு. பழைய செயினும் பின் பல்சக்கரமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும், மாமியார் மருமகள் மாதிரி ஒன்றுக்கொன்று பழகிப்போய் ஓடிக்கொண்டிருக்கும். அதில் புதுச் செயினை மட்டும் போட்டால் தேய்ந்த பல்லில் உட்காராது, பாரம் விழுந்தவுடன் பல் மேல் ஏறிக் குதிக்கும். இன்ச் ஸ்கேல் எடுத்து ஒரு பின்னின் நடுவை பூஜ்யத்தில் வைத்து 24 பின் தள்ளிப் பாருங்கள், சரியாக 12 இன்ச்சில் நிற்க வேண்டும். 1/16 இன்ச் தாண்டினால் செயினும் போச்சு, இல்லையென்றால் இந்தச் செயினையே வைத்துக்கொண்டு பின் பல்சக்கரத்தை மட்டும் மாற்றுங்கள். 7 ஸ்பீடு கேசட் இன்னும் புதிதாகவே வருகிறது, ஷிமானோ ஹெச்ஜி200, 12-32 (சின்னதுக்கு 12 பல், பெரியதுக்கு 32). வாங்கும் முன்னால் உங்களுடையது கேசட்டா (ஹப்பில் செருகும் பல்சக்கரத் தொகுதி) ஃப்ரீவீலா (ஹப்பில் மரையாகத் திருகும் தொகுதி) என்று பாருங்கள்: பெடலைப் பின்பக்கமாகச் சுற்றும்போது நடுவில் டூல் மாட்டும் வரிப்பல்லும் பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றினால் கேசட், அது மட்டும் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

லீவர் சாகவில்லை, தூங்குகிறது. அந்தக் காலத்து ஷிமானோ லீவருக்குள் போட்ட கிரீஸ் வருஷக்கணக்கில் ஓட்டாமல் கிடந்தால் மெழுகு மாதிரி இறுகிவிடும். உள்ளே பாவல் என்று ஒரு சின்ன நாக்கு உண்டு, அது இந்த மெழுகில் ஒட்டிக்கொண்டு பல்லில் விழாது, அதனால்தான் சத்தமே வரவில்லை. டபிள்யூடி-40யை நன்றாக உள்ளே அடித்து, கேபிளைக் கழற்றாமலே லீவரை நூறு தடவை, சலிக்காமல் அழுத்துங்கள். அழுக்குத் தண்ணீர் பழுப்பாக வடியும், துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். ஒரு கட்டத்தில் டிக் என்று விழும். அப்புறம் இரண்டு சொட்டு மெஷின் ஆயில். இதற்காகவா 1×11 போடப் போகிறீர்கள்!

பிரேக்குக்குப் புதுக் கட்டை, புதுக் கேபிள், அவுட்டரோடு. இன்னும் பிடி வேண்டுமென்றால் அதே போல்ட்டில் வி-பிரேக் (நீளமான இரண்டு கை பக்கவாட்டில் ரிம்மைக் கவ்வும் வகை) உட்காரும், ஆனால் லீவரையும் வி-பிரேக்குக்கு உரியதாக மாற்ற வேண்டும். கேன்டிலீவர் லீவர் கேபிளைக் கொஞ்சம்தான் இழுக்கும், அதில் வி-பிரேக்கை மாட்டினால் லீவர் ஹேண்டிலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தேவகோட்டை ரஸ்தா

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என் பழைய 26 இன்ச் வண்டியை 1×9 ஆக்கினேன். முன்பக்க டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவி), லீவர், கேபிள் மூன்றும் ஒழிந்தது, செயின் விழுவதே இல்லை. எல்லாவற்றையும் பழசாகவே வைத்துக்கொண்டு கும்பிடுவதற்கு வண்டி என்ன சாமியா?

செம்மண் தடம்

உங்கள் வண்டியில் 8 ஸ்பீடு ஹப் இருந்திருக்கும், அதனால் சுலபமாக முடிந்தது. இவருடைய 7 ஸ்பீடு ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் உட்காரும் பகுதி) 4.5 மி.மீ. குட்டை. 11 ஸ்பீடு கேசட் ஏறாது, ஃப்ரீஹப்பையோ வீலையோ மாற்ற வேண்டும். சரி வீலை மாற்றுவோம் என்று 27.5 போனால் ரிம் அரைவிட்டத்தில் 12.5 மி.மீ. பெரிது, பிரேக் கட்டை ரிம்முக்கு எட்டாமல் கீழே கம்பிகள் பக்கம் போய்விடும். அப்போது டிஸ்க் வேண்டும், பிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் மாட்ட இடமே இல்லை. மெல்லிய குரோமோலிக் குழாயில் வெல்டு வைத்துப் பட்டை ஒட்டுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். 100 மி.மீ. ஃபோர்க் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஹேண்டில் மெத்தனமாகிவிடும், அந்த பிரேம் சஸ்பென்ஷன் இல்லாத குட்டையான ரிஜிட் ஃபோர்க்குக்காக வடிவமைத்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 42 ஆயிரம் இருந்தால் தனியாகப் புது வண்டி வாங்குங்கள், அதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஒரு பைசா போடும் முன் சீட் போஸ்ட்டைக் கழற்றுங்கள். அலுமினியமும் ஸ்டீலும் ஈரத்தில் சேர்ந்து கிடந்தால் உப்புப் பூத்துப் பிடித்துக்கொள்ளும். குழாய்க்குள் துரு தின்றிருந்தால் மேலே எது மாட்டினாலும் வீண்.

பள்ளத்தூர் பஞ்சர்

முள்ளுக்கு நான். பழைய ட்யூபை நீளவாக்கில் கிழித்து, வால்வைத் தள்ளி, டயருக்கும் புது ட்யூபுக்கும் நடுவில் விரித்துவிடுங்கள். கொஞ்சம் கனம் கூடும், முள் வராது. கிழித்த ஓரத்தை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மெல்லிசாக்குங்கள், இல்லையென்றால் அந்த ஓரமே ட்யூபை அறுக்கும், எனக்கு அறுத்தது. டயர் வாங்கும்போது 26×1.95 என்று புள்ளி வைத்த எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். 26×1⅜ என்று லேடீஸ் சைக்கிளுக்கு வருவதும் 26தான், ஆனால் அதன் ரிம் 590 மி.மீ., உங்களுடையது 559, உட்காரவே உட்காராது.

கோட்டையூர் சைக்கிள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சீட் போஸ்ட்டுக்கு நான்கு நாள் ஆனது. தினமும் ராத்திரி துரு விடுவிக்கும் எண்ணெய் விட்டு, காலையில் சீட்டைப் பிடித்து நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம். நான்காம் நாள் பல்லியைப் பிய்த்த மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் பொடி. டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே மேல் பழுப்புதான், ஓட்டை இல்லை. கிரீஸ் தடவி இறக்கினேன்.

லீவர் எண்பத்துச் சொச்சமாவது அழுத்தலில் டிக் என்றது. முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஆயா என்னடா உடைந்தது என்றார்கள். செயின் 12 இன்ச்சில் சரியாக நின்றது, அதனால் கேசட் மட்டும். கட்டை, கேபிள், இரண்டு டயர், ட்யூப், பால்ரஸ் மாற்றி ஓவராயில், எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய். மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன், தாவவில்லை. இரண்டு கியர் தாண்டி இன்னும் கொஞ்சம் கடகடக்கிறது, அது இருக்கட்டும்.

அம்மானுக்குப் படம் அனுப்பினேன். முன்னோர் படைப்புக்கு வரும்போது கானாடுகாத்தான் வரை தான்தான் ஓட்டுவேன் என்கிறார், அவருக்கு 61.

ஒரே ஒரு தொந்தரவு: முன் பிரேக் பிடித்தால் தெரு நாய் எல்லாம் எழுந்துவிடுகிறது, அப்படி ஒரு கீச்சு.

செம்மண் தடம்

கட்டையின் முன் ஓரம் முதலில் ரிம்மைத் தொட வேண்டும். பின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு மடிப்பு வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி கட்டை போல்ட்டை இறுக்கிவிட்டு அட்டையை உருவுங்கள். கடகடப்புக்கு, பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்து உருளைத் திருகைக் கால் சுற்று வெளியே திருப்பிப் பாருங்கள். புதுக் கேபிள், கொஞ்சம் நீண்டிருக்கும்.