திரையில் 7.0 என்றால் சாறும் 7.0 தானா?

சாறுகாய்ச்சி:
நம் சர்க்கரை ஆலைக் குழுவில் "டிசிஎஸ் வந்தபின் ஷிஃப்ட் வேலை" (டிசிஎஸ் என்றால் ஆலையைத் திரையிலிருந்தே ஓட்டும் கணினி அமைப்பு) என்ற இழையில் திரைக்காவலன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: சல்ஃபிடேஷன் சாற்றின் (சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் விட்டுச் சுத்தம் செய்யும் கரும்புச் சாறு) பிஎச், அதாவது அமில-கார அளவு, இப்போது ஆன்லைன் மீட்டரிலிருந்து நேராகக் கண்ட்ரோல் ரூமுக்கு வருகிறது, திரையில் 7.0 காட்டினால் சாறு 7.0 தான், இனி பிஎச்சை நிறத்தில் காட்டும் பி.டி.பி. காகிதத்தோடு கெமிஸ்ட் சல்ஃபிட்டர் தொட்டியின் மேடை ஏற வேண்டாம், லேப் மாதிரியும் வீண் வேலை. அதற்குக் கைதட்டல் வேறு.

தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்த மீட்டரின் அளவுமுனையான எலக்ட்ரோடு நிற்கிற இடத்தில் சாறு என்ன சூட்டில் ஓடுகிறது? 70 டிகிரிக்குக் குறையாது. லேபில் பார்ப்பது ஆறவைத்த சாற்று மாதிரி. ஒரே சாறுதான், சூடாக இருக்கும்போது பிஎச் கீழே நிற்கும், ஆறினால் மேலே ஏறும். திரையில் 7.0 வரும்வரை சுண்ணாம்புப் பாலைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தால் லேப் கணக்கில் அது எப்போதோ 7.0-ஐத் தாண்டியிருக்கும். தாண்டிப்போன சுண்ணாம்பு சும்மா இருக்குமா? குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் சிதைத்துச் சாற்றின் நிறத்தைக் கெடுக்கும், மிச்சம் கால்சியம் உப்பாகப் போய் சாற்றைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டர் குழாயில் படியும். அப்புறம் "எவாப்பரேட்டரின் கடைசிக் கலனில் சூடு ஏறவில்லை" என்று பாய்லர்காரனோடு சண்டை போடுவீர்கள்.

திரைக்காவலன்:
சார், வணக்கம். எங்கள் மீட்டரில் டெம்பரேச்சர் காம்பன்சேஷன், அதாவது சூட்டுக்கு ஏற்ற திருத்தம், இருக்கிறது. 25 டிகிரியில் எலக்ட்ரோடு ஒரு பிஎச்சுக்குத் தருவது 59 மில்லிவோல்ட், 70 டிகிரியில் 68 மில்லிவோல்ட். அந்த வித்தியாசத்தை மீட்டரின் டிரான்ஸ்மிட்டரே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் 7.0 என்றால் 7.0. உங்கள் காலத்தில் இந்த வசதி இல்லை, தெரியாமல் போனதில் தப்பில்லை. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து "பச்சையா, நீலமா" என்று பார்த்தவர்கள் இரண்டாவது தசம இடத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பதுதான் தாங்கவில்லை.

சாறுகாய்ச்சி:
இரண்டாவது தசமத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. முதல் தசமத்திலேயே உதைக்கிறது என்கிறேன்.

காம்பன்சேஷன் எலக்ட்ரோடைத்தான் சரிசெய்யும், சாற்றைச் சரிசெய்யாது. சுத்தமான தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அதன் பிஎச் 7.0. 70 டிகிரியில் அதே தண்ணீர் 6.4 காட்டும். அமிலமாகிவிட்டதா? இல்லை, அந்தச் சூட்டில் நடுநிலையே 6.4 தான். உங்கள் டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் 6.4 என்றுதான் காட்டும், காட்டவும் வேண்டும். வெறும் தண்ணீருக்கே இவ்வளவு என்றால் பாஸ்பேட்டும் கரிம அமிலமும் சல்ஃபைட்டும் கலந்த சாறு எப்படி அசையாமல் இருக்கும்? மறுபடியும் கேட்கிறேன், எலக்ட்ரோடு இருக்கும் இடத்தில் என்ன சூடு?

லேப்தென்றல்:
எங்கள் ஆலையில் போன சீசன் முழுக்க இதுதான் தகராறு. திரை 7.0, லேப் 7.3. ஒவ்வொரு மணிக்கும் மாதிரி எடுத்து, ஆறவைத்து, பார்த்து எழுதுகிறோம். திரையோடு ஒத்துவரவில்லை என்றால் லேபில்தான் பிழை என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள்.

இன்னொன்று. அந்த எலக்ட்ரோடை யார் கழுவுகிறார்கள்? சல்ஃபிடேஷன் சாற்றில் கால்சியம் சல்ஃபைட் வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிஎச் தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துப் பார்த்தால்தான் காட்டுகிற எண்ணை நம்பலாம். படிவோடு நிற்கிற எலக்ட்ரோடு மெதுவாகத்தான் நகரும், சாறு மாறினாலும் திரையில் கோடு நேராக அழகாகப் போகும். "பாருங்கள் எவ்வளவு ஸ்டெடி" என்பார்கள்.

திரைக்காவலன்:
மேடம், கழுவுவது இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷன் வேலை, ஷெட்யூல்படி நடக்கிறது. கழுவாத எலக்ட்ரோடைக் காட்டி மீட்டரே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

சாறுகாய்ச்சி சாருக்கு ஒன்று சொல்கிறேன். சர்க்கரை உடைவது உங்கள் பீக்கரில் ஆறிக்கிடக்கும் மாதிரியில் இல்லை, குழாயில் சூடாக ஓடுகிற சாற்றில். அப்படியானால் சூட்டில் இருக்கும் பிஎச்தானே உண்மை? ஆறவைத்துப் பார்ப்பது ஆலையில் எங்குமே இல்லாத ஒரு சாற்றை அளப்பது. யார் கற்பனையில் இருக்கிறார்கள்?

பான்மேடை:
இது நல்ல கேள்வி. சாறுகாய்ச்சி அண்ணே பதில் சொல்லுங்கள்.

சாறுகாய்ச்சி:
சொல்கிறேன். சல்ஃபிடேஷன் சாறு 7.0 முதல் 7.2, மண்டி இறங்கிய பின் வரும் தெளிசாறு 7.0-ஐ ஒட்டி, என்று நாம் எல்லோரும் கையில் வைத்திருக்கும் அளவு எங்கிருந்து வந்தது? ஆறிய மாதிரியில் பார்த்துப் பார்த்து வந்தது. கான்பூர் தேசிய சர்க்கரை நிறுவனத்தில் படித்தவரைக் கேளுங்கள், எந்த மேனுவலையும் புரட்டுங்கள். நீங்கள் அந்த 7.0-ஐ எடுத்துச் சூட்டு மீட்டரின் செட் பாயிண்டில், அதாவது இலக்கு எண்ணில், போட்டுவிட்டு "சூட்டில் இருப்பதுதான் உண்மை" என்கிறீர்கள். சூட்டு எண்ணில் ஓட்டுவதானால் ஓட்டுங்கள், யார் தடுத்தார்கள்? அப்போது உங்கள் செட் பாயிண்ட் 7.0 ஆக இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் மாதிரி எடுத்து லேப் எண்ணோடு வைத்துப் பார்த்து, அது 6.7 ஆ 6.8 ஆ என்று உங்கள் சாற்றுக்குத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு யார் வேண்டும்? நீங்கள் வீண் வேலை என்று சொன்ன அதே லேப் வேண்டும்.

இது விளையாட்டு இல்லை. பிஎச் 0.3 கீழே போனால் சர்க்கரை உடைகிற இன்வர்ஷன் வேகம் இரட்டிப்பாகும். மேலே போனால் நிறமும் படிவும். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கலாம் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆறாலை:
கரும்பு பிழியும் மில் ஹவுஸிலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் 7.0, 7.3 என்று அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் பக்கம் மில் ஒரு தடவை அடைத்து நின்றால் சாறு வரத்து சட்டென்று குறையும், சுண்ணாம்புப் பால் வால்வு மட்டும் பழையபடி திறந்திருக்கும், பிஎச் 8-ஐத் தாண்டும். மில் மறுபடி ஓடினால் அந்தப் பக்கம் சரியும். இந்த ஆட்டத்தில் உங்கள் 0.3 எந்த மூலைக்கு? ஃப்ளோ மீட்டரோடு சுண்ணாம்பை விகிதத்தில் கட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

திரைக்காவலன்:
ஆறாலை அண்ணன் சொன்னதுதான் சரி. சாறு வரத்து மாறிய அந்த நொடியே வால்வு நகரும், அதைத்தான் டிசிஎஸ் செய்கிறது. காகிதத்தோடு மேடையில் நிற்கிறவர் வால்வைத் திருகுவதற்குள் கெட்ட சாறு மண்டி இறங்கும் கிளாரிஃபையர் தொட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

சாறுகாய்ச்சி:
மில் நிற்பதைப் பற்றி மில் ஹவுஸ்காரரே எடுத்துச் சொல்வது ஆச்சரியம்தான். நின்றது யாரால்? கரும்பு வெட்டும் கத்திக்கும் நாராக்கும் ஃபைப்ரைசருக்கும் பராமரிப்பு பார்க்காமல், கரும்போடு இரும்புத்துண்டை உள்ளே விட்டுவிட்டு, மகசூல் குறைந்தால் சாறு காய்ச்சும் பாய்லிங் ஹவுஸ் தலையில் கட்டுவதுதான் உங்கள் வழக்கம். பகாஸ் சக்கையில் போகிற சர்க்கரையை முதலில் எண்ணுங்கள்.

விகிதத்தில் கட்டுவது நல்லதுதான். விகிதம் தப்பான 7.0-ஐ நோக்கி ஓடினால், தப்பு வேகமாக நடக்கும்.

ஆறாலை:
சக்கையில் ஊற்றும் இம்பிபிஷன் தண்ணீரைக் குறை, எவாப்பரேட்டர் தாங்கவில்லை என்று போன் போட்டுப் போட்டு எங்கள் சாறு எக்ஸ்ட்ராக்‌ஷனைக் கெடுத்தது யார்? உங்கள் ஆட்கள்தான். பகாஸில் சர்க்கரை போகிறது என்று இப்போது எங்களையே கேட்கிறீர்கள். உங்களோடு வேலை பார்த்தவர்களைப் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாறுகாய்ச்சி:
எவாப்பரேட்டர் ஏன் தாங்கவில்லை? படிவு. படிவு ஏன் வந்தது? சுண்ணாம்பு கூடியதால். சுண்ணாம்பு ஏன் கூடியது? 7.0-ஐ எங்கே அளந்தீர்கள் என்ற கேள்விக்கே மறுபடியும் வருகிறோம்.

லேப்தென்றல்:
ஐயா சூடு பற்றிச் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பழைய கெமிஸ்டுகள் எல்லோரும் மேடையில் காகிதத்தோடு விழித்திருந்த மாதிரிப் பேசுவதை ஒப்புக்கொள்ள முடியாது. பழைய லாக் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரமும் 7.1, 7.1, 7.1, ஒரே பேனாவில், ஒரே சாய்வில். சாறு அப்படியா ஓடும்? திரையில் நேர்க்கோடு வந்தால் சந்தேகம், லாக் ஷீட்டில் வந்தால் அனுபவமா?

சாறுகாய்ச்சி:
நான் அப்படி எழுதியவன் இல்லை. எழுதியவனை மெமோ கொடுத்து நிறுத்தியவன். மேடமுக்கு என்னைத் தெரியாது, தெரிந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

பான்மேடை:
சர்க்கரை மணி கட்டும் பான் பக்கம் வந்தால் கூத்து இன்னும் பெரிது. இப்போது பான் பிரிக்ஸுக்கும், அதாவது கரைந்த பொருளின் செறிவுக்கும், சென்சார் வைத்துவிட்டு, பான்மேன் வேண்டாம், பட்டன் போதும் என்கிறார்கள். ப்ரூஃப் ஸ்டிக் என்ற மாதிரிக்கோலில் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மணி சீராக இருக்கிறதா, இடையில் பொய்மணி, அதாவது வேண்டாத பொடிமணி, விழுந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியும். சென்சாருக்குப் பிரிக்ஸ்தான் தெரியும், பொய்மணி தெரியாது. எங்களுக்கு அட்டெண்டர் கிரேடு, பட்டன் தட்டுகிறவருக்கு ஆபீசர் கிரேடு. இதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

திரைக்காவலன்:
கிரேடு பிரச்சினையை யூனியனில் பேசுங்கள் அண்ணே. அதற்கு நான் என்ன செய்ய?

கரும்புக்காடு:
படித்தவர்கள் பேசுகிற இடத்தில் விவசாயி வரலாமா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2024-25 சீசனுக்கு மத்திய அரசு வைத்த விலை 10.25 சதவீத ரெகவரிக்கு (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை) குவிண்டால் 340 ரூபாய். அதற்குக் கீழே ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 3.32 ரூபாய் கழிவு, 9.5-இல் 315.10 என்று நின்றது. ரெகவரி என் தோட்டத்துக் கணக்கில்லை, ஆலை மொத்தத்துக்கும் ஒன்று. நீங்கள் சுண்ணாம்பை ஊற்றித் தொலைக்கிற சர்க்கரை என் கணக்கில்தான் குறைகிறது. திரை சரியா காகிதம் சரியா எனக்குத் தெரியாது. வெட்டு உத்தரவு கொடுத்து, வெட்டிய கரும்பை யார்டில் இரண்டு நாள் காயவிட்டால் எந்த மீட்டர் அதைச் சரிசெய்யும்?

சாறுகாய்ச்சி:
ஐயா, நீங்கள் சொல்வது நெஞ்சைத் தொடுகிறது, பழைய கரும்பு பெரிய கேடுதான். புதுக் கரும்புச் சாறு பிஎச் 5.2 முதல் 5.5 வரை இருக்கும், யார்டில் கிடந்த கரும்பில் அமிலம் கூடி அதற்கும் கீழே போகும். டெக்ஸ்ட்ரான் என்ற பசை சேர்ந்து சாறு வழுவழுப்பாகும், கிளாரிஃபையரில் மண்டி இறங்காது, பானில் கொதி மந்தமாகும். அந்த நாட்களில்தான் சுண்ணாம்பு கூடுதலாகப் போகும், அந்த நாட்களில்தான் திரையை நம்பி உட்காரக் கூடாது. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி.

கரும்புக்காடு:
நான் யாருக்கும் சாட்சி இல்லை. லாரி எப்போது வரும் என்றுதான் கேட்டேன்.

திரைக்காவலன்:
கரும்பு கெட்டால் மீட்டர் குற்றம், மில் நின்றால் மீட்டர் குற்றம். சார் ஒரு முடிவோடுதான் வந்திருக்கிறார். எங்கள் தெளிசாறு 7.0-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. சர்க்கரை வெள்ளையாகத்தான் வருகிறது.

லேப்தென்றல்:
தெளிசாறு 7.0 என்று யார் பார்த்தது? லேபா, திரையா?

திரைக்காவலன்:
திரைதான். அங்கேயும் ஆன்லைன் மீட்டர் இருக்கிறது.

சாறுகாய்ச்சி:
கிளாரிஃபையரை விட்டு வெளியே வருகிற தெளிசாறு கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இருக்கும் தம்பி. அங்கேயும் அதே 7.0. எலக்ட்ரோடு இருக்கிற இடத்தில் என்ன சூடு என்று முதல் பதிவிலிருந்து கேட்கிறேன், இதுவரை ஒரு எண்கூட எழுதவில்லை.

திரைக்காவலன்:
எழுத வேண்டிய அவசியம் இல்லை, காம்பன்சேஷன் இருக்கிறது. செட் பாயிண்டை மாற்றச் சொல்லி எங்கள் மேனேஜர் சொல்லட்டும், மாற்றுகிறேன். அதுவரை 7.0 தான்.

பான்மேடை:
கிரேடு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.

ஆறாலை:
எங்களை இரும்புத்துண்டு விட்டவர்கள் என்று சொன்னதற்குச் சாறுகாய்ச்சி முதலில் வருத்தம் தெரிவிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

சாறுகாய்ச்சி:
தெரிவிக்க மாட்டேன். திரைக்காவலன் தம்பி, இன்று ராத்திரி ஷிஃப்டில் ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு சல்ஃபிட்டர் மேடைக்கு ஏறுங்கள். எண்ணை இங்கே எழுதுங்கள்.