2008 பொலாஞ்சே: இப்போதே குடிப்பதா, இன்னும் வைப்பதா?

கடைசிமிடறு:
இரண்டு பாட்டில் ஷாம்பெய்ன் வைத்திருந்தேன், பொலாஞ்சே லா கிராண்ட் அன்னே, 2008 அறுவடை. நேற்று ஒன்றைத் திறந்தேன். முதல் மிடறில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும்தான். பல் கூசும் புளிப்பு. கிளாஸில் அரை மணி நேரம் அப்படியே விட்டேன். அப்புறம் வந்தது பாருங்கள், நெய்யில் வறுத்த முந்திரி வாசம், சூடான ரொட்டியின் மேல்தோல். என்னைக் கேட்டால் இதுதான் பருவம். இன்னொன்றையும் பொங்கலுக்குள் முடித்துவிடப் போகிறேன்.

நிலவறை:
அவசரக்குடுக்கை! அரை மணி நேரம் கெஞ்சிய பிறகுதான் வாய் திறந்தது என்றால், அது இன்னும் தூக்கம் கலையாத சரக்கு. 2008-இல் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் கோடை குளிராகவே போனது, வெயில் வந்தது செப்டம்பரில். பழம் கனிந்தது, புளிப்பும் குறையவில்லை. போதாததற்கு இது மரப்பீப்பாயில் நொதித்தது, பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை 71 சதவீதம். பத்து வருஷம் தாராளமாகத் தாங்கும்.

வெயில்மாடி:
1996 அறுவடைக்கும் இதையேதான் சொன்னீர்கள். புளிப்பு இருக்கிறது, வைத்துக் குடி என்று. நான் வைத்தேன். திறந்தபோது வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம், பழம் வற்றிப்போய் புளிப்பு மட்டும் தனியாக நின்றது. புளிப்பு எலும்பு மாதிரி ஐயா. சதை போன பிறகு எலும்பை வைத்து என்ன செய்வது?

நிலவறை:
அந்த வருஷக் கதை வேறு. வறண்ட காற்றில் திராட்சை சுண்டி, சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே ஏறின. 2008 அப்படிச் சுண்டவில்லை. பால்டிக் கடலுக்கடியில் மூழ்கிய கப்பலிலிருந்து 2010-இல் எடுத்த ஷாம்பெய்ன் சுமார் 170 வருஷம் கிடந்ததே, மறந்துவிட்டீர்களா?

வெயில்மாடி:
அதில் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை. இன்றைய ப்ரூட்டில், அதாவது இனிப்புக் குறைந்த ஷாம்பெய்னில், 12 கிராம்கூடக் கிடையாது. அதோடு அது கிடந்தது 50 மீட்டர் ஆழத்தில், இருட்டில், குளிரில். கடைசிமிடறு வீட்டில் கடல் இருக்கிறதா? முதலில் பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

கடைசிமிடறு:
சமையலறையில், ஃபிரிட்ஜுக்கு மேல் அலமாரியில். பாரிஸில் ஐந்தாவது மாடி, தகரக்கூரைக்குக் கீழே.

நிலவறை:
அடக்கடவுளே. இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? பாட்டிலுக்குள் நொதித்து அடங்கிய ஈஸ்ட் மண்டி இருக்கும்வரை அதுவே காவல். மண்டியை எடுத்துத் தக்கை போட்ட நாளிலிருந்து பாட்டில் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். அந்தத் தேதி பின் லேபிளில் இருக்கும், பாருங்கள். அதற்குப் பிறகு எத்தனை கோடையை அந்த அலமாரியில் கழித்தது?

கடைசிமிடறு:
நான்கு.

வெயில்மாடி:
அப்படியென்றால் பொங்கல்கூடத் தாமதம்தான்.

நிலவறை:
நேற்றையது கெட்டிருக்கவில்லை, அதனால் பதற வேண்டாம். ஆனால் அலமாரியில் இனி ஒரு நாள்கூட வைக்காதீர்கள். குடிப்பதென்றால் ஒல்லிக் கிளாஸ் வேண்டாம்; வெள்ளை ஒயின் கிளாஸ், 10-12 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் தெரியும்.

கடைசிமிடறு:
நேற்று நான் செய்தது அதேதான். சரி, உங்கள் நிலவறையில் ஒரு பாட்டிலுக்கு இடம் இருக்குமா?

நிலவறை:
இருக்கும். திறக்கும்போது நானும் இருப்பேன், அது ஒன்றுதான் நிபந்தனை.

வெயில்மாடி:
போச்சு. பாட்டிலில் பாதி போச்சு.