‘சானிட்டேஷன்’ என்பதற்குக் ‘கழிவுக்காப்பு’: ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீரையும் சானிட்டேஷனையும் பற்றிய ஐ.நா.வின் ஆறாவது நீடித்த வளர்ச்சி இலக்கைத் தமிழாக்கும்போது, மனிதக் கழிவைத் தீங்கின்றிக் கையாளும் ஏற்பாடான ‘சானிட்டேஷன்’ என்பதைச் ‘சுகாதாரம்’ என்றே எழுதிவிடலாம் என ஒரு நண்பர் கருத்துரைத்திருந்தார். நாளிதழ்ச் செய்திக்கு அது போதலாம். பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கும் திட்ட அறிக்கைகளுக்கும் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

2010 ஜூலை 28 அன்று பொலிவியா முன்வைத்த தீர்மானத்தை 122 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேற்றி, குடிநீரையும் சானிட்டேஷனையும் மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 2015 டிசம்பரில் இவ்விரண்டும் தனித்தனி உரிமைகள் என்றும் தெளிவுபடுத்தியது. இரண்டாவதைச் ‘சுகாதார உரிமை’ என்று எழுதினால், 1966ஆம் ஆண்டின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் 12ஆம் உறுப்பு கூறும் உடல்நல உரிமையோடு அது கலந்துவிடும். ஒதுக்கிய நிதி மருத்துவமனைக்கா கழிப்பறைக்கா என்பதே படிப்பவருக்கு விளங்காது.

‘துப்புரவு’ நல்ல சொல்தான். ஆயினும் ஒரு சாரார்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட வேலையின் பெயராக அது ஒட்டிக்கொண்டது. தமிழக அரசே ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றியது. ‘தூய்மை’யோ தெருக்குப்பை வரை விரியும்.

‘கழிவகற்றல்’ என்ற பரிந்துரை பொருளின் பாதியில் நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தின் வரையறைப்படி, சானிட்டேஷன் தரவரிசையின் மேல்படியை எட்டுவதற்கு வீட்டுக்கென்று தனிக் கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது. மலக்கழிவு அங்கேயே பாதுகாப்பாக அடக்கப்பட வேண்டும், அல்லது வெளியே கொண்டுசெல்லப்பட்டுச் சுத்திகரிக்கப்பட வேண்டும். செப்டிக் டேங்கின் குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டிருப்பதையும், டேங்கை உறிஞ்சிய லாரி ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் நின்று குழாயைத் திறந்துவிடுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த வீடுகளிலிருந்து கழிவு அகன்றுவிட்டது. ஆனால் ஓடையை ஒட்டிய கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்களுக்குத் தீங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இதையெல்லாம் ‘அகற்றல்’ என்று நம் சொல்லே ஏற்றுக்கொள்வது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

ஆகவே ‘கழிவுக்காப்பு’ என்பதை முன்மொழிகிறேன். மின்சாரம் மனிதரைத் தீண்டாமல் தடுப்பது மின்காப்பு, வெப்பம் கடக்காமல் தடுப்பது வெப்பக்காப்பு என்பன போல, கழிவு மனிதரையும் நீரையும் தீண்டாமல் தடுக்கும் ஏற்பாடு முழுவதையும் இது குறிக்கும். கழிவைச் சேர்த்துவைப்பது என்று பொருள்படாதா என்ற கேள்வி எழலாம். மின்காப்பை மின்சேமிப்பு என்று எவரும் கொள்வதில்லை. கழிவுக்காப்பு உரிமை, அடிப்படைக் கழிவுக்காப்பு, கழிவுக்காப்புப் பணியாளர் எனக் கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. வளரும் நாடுகளுக்கான பன்னாட்டு ஒத்துழைப்பைப் பேசும், அதே ஆறாவது இலக்கின் 6.அ பிரிவு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் மறுபயன்பாட்டையும் வெளிப்படையாகவே குறிப்பிடுவதால், அங்கும் இச்சொல் பொருந்தும்.

அவ்விலக்கின் உட்பிரிவான 6.2ஆம் குறியிலக்கை இவ்வாறு எழுதிப் பார்த்தேன்: “2030க்குள் அனைவருக்கும் போதிய, சமமான கழிவுக்காப்பும் தன்தூய்மையும் கிடைக்கச் செய்தல், திறந்தவெளியில் மலங்கழித்தலை ஒழித்தல்.” இதில் ‘ஹைஜீன்’ என்பதற்கு இட்ட ‘தன்தூய்மை’ எனக்கே முழு நிறைவளிக்கவில்லை, சிறந்த சொல் இருப்பின் நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.