புதுப்பிப்பு: சொந்த ஆஸிலோஸ்கோப் இல்லாமல் புராஜெக்ட் போர்டைச் சோதிப்பது

இறுதியாண்டு புராஜெக்டில் ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலருக்கும் சென்சாருக்கும் நடுவே ஐ2சி (இரண்டு ஒயரில் தரவு அனுப்பும் முறை) தொடர்பு அடிக்கடி அறுந்துபோகிறது, சிக்னலின் வடிவத்தை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வாங்க வசதியில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி, ஒயரில் போகும் 0, 1 சிக்னலைப் பதிவு செய்யும் லாஜிக் அனலைசர் வாங்கிவிட்டேன்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் வகைதான். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு லினக்ஸில் உடனே ஓடியது. விண்டோஸ் என்றால் சாடிக் என்ற மென்பொருளை வைத்து டிரைவரை மாற்ற வேண்டும், கொஞ்சம் இழுக்கும். பதிவான 0, 1-களைப் படித்துச் சொல்லும் ஐ2சி டிகோடரைப் போட்டதும் முகவரி, தரவு எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. நடுநடுவே சென்சாரிடமிருந்து பதிலே இல்லை.

ஏன் என்று மட்டும் லாஜிக் அனலைசர் சொல்லாது. அதற்குத் தெரிவது 0, 1 இரண்டுதான்; சிக்னல் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பது தெரியாது. அதைப் பார்க்கக் கல்லூரி ஆய்வகத்தின் பழைய ஸ்கோப்பே போதுமானதாக இருந்தது. சிக்னலை மேலே இழுக்கச் சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இந்த நீள ஒயருக்குப் பலவீனம். இரண்டு ஒயரிலும் 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன், சரியாகிவிட்டது. ரெசிஸ்டர் விலை டீக்காசுகூட இல்லை!

அடுத்தது போர்டு எடுக்கும் மின்னோட்டத்தை அளப்பது. மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்தால் வைஃபை கிளம்பும்போது போர்டு ரீசெட் ஆகிறது. ஒரு ஓம் ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்கத் தொடரில் வைக்கும் சிறிய ரெசிஸ்டர்) வைத்து அளந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.