மறு: கிரிம்பிங் – ‘நெளித்தல்’ பொருந்துமா?

வணக்கம்.

> கிரிம்பிங் = நெளித்தல்; கிரிம்பிங் டூல் = நெளிப்புக் கருவி

ஒயர் முனையில் ஓர் உலோகத் துண்டை மாட்டி, அமுக்கி இணைப்பதுதான் கிரிம்பிங். அதற்கு மேலே தந்திருக்கும் தமிழ்ச் சொற்களில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. கூரைத் தகரத்துக்கும் தலைமுடிக்கும் ‘நெளி’ பொருந்தும். ஒயர் முனையில் லக் (ஸ்க்ரூவில் பொருத்துவதற்கான உலோக முனை) மாட்டி அமுக்கும்போது எதுவும் நெளிவதில்லை. செப்பிழைகளும் லக்கும் நடுவில் காற்றுகூடப் புகாதபடி இறுகுகின்றன. சால்டர் வைக்காமலே பிடி நிற்பது அதனால்தான்.

எலக்ட்ரானிக்ஸ் கனெக்டர்களில் வரும் ஜேஎஸ்டி, டுபான்ட் வகைச் சிறு பின் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஜோடி இதழ்கள் இருக்கும். முன்ஜோடி செப்பைப் பிடிக்கும். சற்று உயரமான பின்ஜோடி ஒயரின் பிளாஸ்டிக் உறையை அணைக்கும். அமுக்கினால் முன் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு இழைகளுக்குள் இறங்கிவிடும். இதற்குக் ‘கவ்வு’தான் சரியான சொல். வினைக்குக் கவ்வுதல், கருவிக்குக் கவ்வுக்குறடு.

குறடு கொல்லுப்பட்டறைச் சொல். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையாளத்தில் ‘சவண’ என்பார்கள். தமிழிலும் சாவணம் உண்டு, ஆனால் அதைச் சொன்னால் முள் எடுக்கிற சாமானைத்தான் நீட்டுவார்கள். எலக்ட்ரீஷியன்கள் ‘லக் அடிக்கணும்’ என்பது நல்ல தமிழ்தான். லக்கே இல்லாத பின்னுக்கு எதை அடிப்பது?

‘நசுக்கிணைப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கட்டிங் பிளேயரால் அமுக்குகிறவர்கள் செய்வதற்கு அந்தப் பெயர் சரி. லேசாக இழுத்தாலே ஒயர் கையோடு வந்துவிடும்.

அப்புறம், குறட்டின் வாயில் இருக்கும் பள்ளமுள்ள துண்டான ‘டை’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு மலிவான குறடுகளாகப் பார்த்துச் சேர்க்கிறவர்களுக்கு இது தெரியும்: கைப்பிடி ஒன்றே போதும், வாயைத்தான் மாற்ற வேண்டும். உறையுள்ள லக்குகளில் சிவப்பு 1.5 சதுர மி.மீ. ஒயர் வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. இவற்றுக்கு முட்டை வடிவப் பள்ளம். டுபான்ட் பின்னை அதில் வைத்தால் இதழ்கள் சுருளாமல் சப்பையாகிவிடும். ஃபெருலுக்கு (இழை ஒயரின் முனையில் மாட்டும் சிறு உலோகக் குழாய்) சதுரமோ அறுகோணமோ வேண்டும். ‘டை’யை ‘அச்சு’ என்றால் எல்லாருக்கும் புரியும். ராட்செட்டை அப்படியே விடலாம். முழுக்க அமுங்கும்வரை கைப்பிடியைத் திறக்கவிடாத அந்த அமைப்பு இல்லாத குறட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

ஒரே இடத்தில்தான் இடிக்கிறது. இன்டர்நெட் கேபிளின் ஆர்ஜே45 முனையில் எட்டு உலோகத் தகடுகள் உறையைக் குத்திக்கொண்டு செப்பில் இறங்குகின்றன. பிளாஸ்டிக் தாழ் கேபிளைக் கவ்வுகிறது, சரி. மின்னிணைப்பு நடப்பதோ குத்தலில். இதையும் கவ்வுதல் என்றே சொல்லலாமா, ‘குத்திணைப்பு’ என்று பிரிக்கலாமா? நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.