முக்குருத்தி புல்வெளில மரம் நடலாமா? சீகை மரத்த ஏன் வெட்டுறாங்க?

கோவைமணி:
வணக்கம் நண்பர்களே. போன மாசம் ஊட்டில இருந்து அவலாஞ்சி போயிருந்தோம், வனத்துறை வண்டில தான் உள்ள கூட்டிட்டு போனாங்க. முக்குருத்தி தேசிய பூங்கா பக்கம் பார்த்தா மலையெல்லாம் ஒரே புல்லு, அங்கங்க மடிப்புல மட்டும் கொஞ்சூண்டு காடு. அது போதாதுனு வழில நல்லா வளர்ந்த சீகை மரத்த (சீகைக்காய் இல்ல, இங்கிலீஷ்ல வாட்டில்னு சொல்லுவாங்களே அது) வெட்டி அடுக்கி வெச்சிருந்தாங்க, பார்க்கவே வயிறு எரிஞ்சுது. எங்க காலனி பசங்க வருஷா வருஷம் மரக்கன்னு நடுவோம், இந்த தடவ 500 கன்ன அந்த மலைல நடலாம்னு ஒரு எண்ணம். யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்? மரமே இல்லாத மலைய எதுக்கு தேசிய பூங்கானு வெச்சிருக்காங்க?

குந்தா_தம்பி:
அண்ணா, நல்ல மனசோட கேக்குறீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். அங்க மரம் இருந்து அழிஞ்சு போகல, காலங்காலமா அது புல்வெளி தான். நீலகிரி சதுப்புல படிஞ்சிருக்கிற கருப்பு மண்ண எடுத்து ஆராய்ச்சி பண்ணி, சுமார் 20,000 வருஷ கதைய அதுல படிச்சிருக்காங்க, அப்பவே இங்க புல்லு இருந்திருக்கு. டிசம்பர் ஜனவரில ராத்திரி உறைபனி கொட்டும், விடியக்காலைல பாத்தா புல்லு மேல உப்பு தூவுன மாதிரி இருக்கும், வெட்டவெளில முளைக்கிற சோலை மரக்கன்னு (சோலைன்னா நீங்க மடிப்புல பாத்த அந்த காடு தான்) அதுலயே கருகிடும்.

சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் மூணுமே வெளில இருந்து வந்தது. சீகைய விறகுக்குனு வெள்ளைக்காரன் காலத்துல கொண்டு வந்தது, சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிட பட்டை வேணும்னு நம்மாளுங்க இன்னும் ஜாஸ்தியா நட்டாங்க. புல்லு தானே, சும்மா கெடக்குற நெலம்னு நெனச்சுட்டாங்க. நீங்களும் அதையே தான் நெனைக்கிறீங்க, கோச்சுக்காதீங்க.

வரையாடு நம்ம மாநில விலங்கு, அது மேயுறதே அந்த புல்ல தான். சிறுத்தையோ செந்நாயோ வந்தா தூரத்துலயே பாத்துட்டு பாறைச்சரிவுக்கு ஓடிடும், சீகை மூடிட்டா மேய்ச்சலும் போச்சு பார்வையும் போச்சு. வரையாடு உலகத்துலயே தமிழ்நாடு, கேரளா மலைல மட்டும் தான் இருக்கு. 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 1,031 தான் எண்ணுனாங்க. முக்குருத்தி மொத்தமே 78 சதுர கிலோமீட்டர், அதுலயும் மரம் நட்டா அது எங்க போகும்?

பவானிக்கரை:
கோவைமணி, உங்க வீட்டுக்கு பில்லூர் அணை தண்ணி வருதா? அது பவானி தண்ணி, அந்த ஆறு பொறக்குறது நீங்க பாத்த மலைல தான், மேக்க எறங்கி கேரளாக்குள்ள போயி அட்டப்பாடி வழியா நம்ம பக்கம் திரும்பி வருது. மழையும் மூடுபனியும் புல்லு வேர்ல எறங்கி, சதுப்புல தேங்கி, கசிஞ்சு கசிஞ்சு ஓடையா வருது. அப்பர் பவானி பக்கம் ஒரு தடவ மழை நின்னு பல நாள் கழிச்சு புல்லு தூருக்குள்ள விரல விட்டு பாத்தேன், ஊறப்போட்ட பஞ்சு மாதிரி சில்லுனு இருந்துச்சு. தோடர் கோவில் கூரைக்கு வேயுற புல்லு கூட இந்த மாதிரி சதுப்புல வளர்றது தான்.

மலர்_ஊட்டி:
மரத்த வெட்டுனா மட்டும் முடியாதுங்க. சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கெடக்கும், வெட்டி வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி குபுகுபுனு முளைச்சிடும். நாங்க ஒரு தனியார் நெலத்துல மழை பெஞ்சு மண்ணு எளகுன சமயமா பாத்து கையால புடுங்குனோம், வேர்ல கடுகு கடுகா முண்டு இருக்கும். அவசரமா இழுத்தா அறுந்துடும், அடில புடிச்சு மெதுவா வேரோட எடுக்கணும். அதுக்கப்புறம் நர்சரில வளத்த நாட்டுப் புல்ல தூர் தூரா பிரிச்சு நடணும், இதையே வருஷா வருஷம் செய்யணும். பூங்காக்குள்ள நாமளா போயி எதுவும் நடவும் கூடாது, புடுங்கவும் கூடாது. உங்க 500 கன்னுல புங்கன், வேம்பு, நாவல் இருந்தா உங்க ஊர் குளக்கரைலயே வையுங்க.

கோவைமணி:
பில்லூர் தண்ணி தான் குடிக்கிறோம், இத்தன நாள் இது தெரியாம இருந்திருக்கேன். கன்னு குளக்கரைக்கு தான், பசங்ககிட்ட சொல்லிட்டேன். மலர் அக்கா, அடுத்த தடவ எப்ப புடுங்க போறீங்க? 12 பேர் வர்றோம்.

மலர்_ஊட்டி:
ஜூன் கடைசில மழை புடிச்சதும் சொல்றேன் தம்பி. ரெயின்கோட்டும் கையுறையும் எல்லாருக்கும் எடுத்துட்டு வாங்க.